பதினாலாம் இலக்க றிவோல்வர்

பதினாலாம் இலக்க அட்டையில் இருப்பது என்னுடைய கையெழுத்துத்தான். பொலிஸ் சாஜன் கேட்டபோதும் ஓம் என்றேன், நீங்கள் கேட்டாலும் ஓம் என்பேன். மற்றதெல்லாம் பச்சைப் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் என்னை வாய் நிறைய அண்ணா என்று கூப்பிட்டவன். அதுதான் எனக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

ஆயிரத்துத் தொளாயிரத்து எழுபத்தேழாம் ஆண்டு. சிட்னியில், லிட்கம் ஸ்ரேசனுக்குப் பின்னால் ஒரு பாதுகாப்புக் கொம்பனி. வியாழக்கிழமைகளில் தொழிற்சாலைகளுக்குச் சம்பளக் காசு கொண்டுபோய்க் கொடுப்பது அவர்களுடைய வேலை. இருபத்திரண்டு காவலர்கள், ஆளுக்கொரு இலக்கம் போட்ட றிவோல்வர். அவற்றைப் பழுது பார்த்துத் துலக்கி வைப்பவன் நான். மகேந்திரராஜா என்ற என் பெயரை மகேன் என்று நறுக்கி வைத்திருந்தார்கள். நறுக்கினால் நறுக்கட்டும், கொழும்பில் பொலிஸ் ஆயுதசாலையில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவன் என்ற மரியாதையை மட்டும் நறுக்கவில்லை.

என்னுடைய வேலைமுறை இது. ஒவ்வொரு திங்கட்கிழமையும் எல்லா றிவோல்வரையும் மேசைக்கு எடுப்பேன். உருளையைத் திறந்து ஆறு துளைகளையும் துலக்குவேன். எண்ணெய் போடுவேன், போட்ட எண்ணெயைத் துடைப்பேன். துடைப்பதுதான் முக்கியம், மிஞ்சிய எண்ணெய் தோட்டாவுக்குள் ஊறினால் வெடிமருந்து செத்துப்போகும். கடைசியாக விசையில் எடைக்கல்லைக் கொழுவித் தூக்கிப் பார்ப்பேன். பன்னிரண்டு இறாத்தலுக்கு விசை பின்னுக்கு வரவேண்டும். அதற்குக் குறைந்தாலும் பிழை, கூடினாலும் பிழை. எல்லாம் சரியென்றால் அந்த இலக்கத்து அட்டையில் 'கடமைக்கு உகந்தது' என்ற வரிக்குக் கீழே கையெழுத்து. கல்லைக் கொழுவாமல் நான் கையெழுத்து வைத்தது என் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை.

கொம்பனியில் என்னைத் தவிர இருந்த ஒரே தமிழன் சேஷாத்ரி. திருச்சிக்காரன், முப்பத்திரண்டு வயது. ஊரில் எஞ்சினியரிங் படித்தவன். அந்தப் படிப்பை இங்கே ஒருவரும் கணக்கில் எடுக்கவில்லை. ஓபர்னில் ஒரு தகடு அடிக்கும் பட்டறையில் ஒன்றரை வருஷம் நின்று, வலது கைச் சுட்டுவிரலை இயந்திரத்துக்குக் கொடுத்தான். விரல் போகவில்லை, ஆனால் பாதி மடங்கும், மடங்கினால் நோகும். அதற்குப் பிறகுதான் காவலனாக வந்தான். சின்ன வயதில் கல்லூரிப் படையில் சுட்டுப் பதக்கம் வாங்கியவனாம். முட்டை கூடச் சாப்பிடாதவன், சனிக்கிழமை சனிக்கிழமை சுடும் கிளப்புக்குப் போய்க் கடதாசிக் குறியைச் சுட்டுக்கொண்டு நிற்பான். கத்தரிக்காயை வெட்டவே கை கூசுகிற ஆளுக்கு இதென்ன ஆசை என்று நான் பகிடி பண்ணுவேன். அவனும் சிரிப்பான்.

நான் அப்போது வென்ட்வேர்த்வில்லில் ஒரு அறையில் தனியாக இருந்தேன். என் மனைவி சிவனேஸ்வரியும் மகள் சந்திரவதனாவும் கொழும்பில். அந்த வருஷம் ஆவணியில் தமிழருக்கெதிரான கலவரம் வந்தது. இருந்த வீட்டை விட்டு உடுத்த உடுப்போடு ஓடி, பள்ளிக்கூடமொன்றில் அகதியாக ஆறு நாள் கிடந்து, கப்பலில் ஏறி வடக்கே காங்கேசன்துறையில் இறங்கினார்கள். மகளுக்குப் பன்னிரண்டு வயது. கப்பலில் வரும்போது அவள் ஒரு சொல்லும் பேசவில்லை என்று சிவனேஸ்வரி எழுதியிருந்தாள். அதைப் படித்த நாளிலிருந்து எனக்கு வேறு நினைப்பில்லை. அவர்களைக் கூப்பிட வேண்டும். குடிவரவு அலுவலகத்தில் எல்லாக் கடதாசியும் கொடுத்தாயிற்று. நிரந்தர வேலையில் இருக்கிறேன் என்று கொம்பனி ஒரு கடிதம் தரவேண்டும், அது ஒன்றுதான் மிச்சம். மனேஜர் டொனால்ட்சன் தருவதாகச் சொல்லியிருந்தார்.

இந்தக் காலத்தில் எனக்கு ஆறுதலாக இருந்தது சேஷாத்ரி வீடுதான். நார்த்மீட்டில் இருந்தார்கள். அவன் மனைவி நாகலட்சுமி ஞாயிற்றுக்கிழமைகளில் எனக்கும் சேர்த்துச் சமைப்பாள். போக முடியாவிட்டால் ரிபன் கரியரில் சோறு கறி அடுக்கிக் கொடுத்துவிடுவாள். சிவனேஸ்வரிக்கு எழுதும் கடிதமெல்லாம் இந்தப் புராணந்தான்: எனக்கு இங்கே ஒரு தம்பி கிடைத்திருக்கிறான்.

அந்தத் தம்பி ஆடி மாதத்தில் ஒரு நாள் அமெரிக்கச் சஞ்சிகை ஒன்றைத் தூக்கிக்கொண்டு என் மேசைக்கு வந்தான். விசையை இலகுவாக்கும் சாமான் விற்கிறார்களாம். மெல்லிய ஸ்பிறிங்குகள், அகலமான விசை, எல்லாம் ஒரு பெட்டியாக. தபாலில் எடுப்பிக்கலாம். அவனிடம் சொந்தமாகக் கிளப்புக்கு ஒரு றிவோல்வர் இருந்தது, கொம்பனியுடையதும் அதே மாதிரிதான். இரண்டுக்கும் போடலாமா என்று கேட்டான். விரல் நோவைச் சொன்னான். எட்டு இறாத்தலுக்கு வந்தால் தேவாமிர்தம் கிடைத்த மாதிரி என்றான்.

தேத்தண்ணி குடித்தபடி ஒரு மணித்தியாலம் விளங்கப்படுத்தினேன். விசையை இலகுவாக்க மூன்று வழி. உள்ளே ஒன்றோடொன்று உரசும் இடங்களை மினுக்கலாம், பதமாகச் செய்தால் கெடுதல் இல்லை. விசையைத் திருப்பி முன்னுக்குத் தள்ளும் சின்ன ஸ்பிறிங்கை மாற்றலாம், ஆனால் கொஞ்சம் ஊத்தை சேர்ந்தாலும் விசை சோம்பலாகத் திரும்பும், கிழமைக்கு ஒருக்கால் என்பது போதாது, சுட்ட ஒவ்வொரு முறையும் துலக்க வேணும். மூன்றாவது, கைபிடிக்குள் இருக்கும் தகட்டு ஸ்பிறிங். பின்னாலிருக்கும் சுத்தியலை அடிக்க வைப்பது அதுதான். அதை மெல்லியதாக்கினால் விசை வெண்ணெய் மாதிரி வரும், சுத்தியலின் அடியும் வெண்ணெய் மாதிரித்தான் விழும். தோட்டாவின் பின்பக்கத்தில் ஒரு செப்புப் பொட்டு இருக்கிறது, அதில் பலமாகக் குத்தினால்தான் வெடிக்கும். கிளப்பில் விற்கும் தோட்டாவுக்கு மெல்லிய பொட்டு. எங்கள் கொம்பனித் தோட்டாவுக்கு இரும்பு மாதிரி.

“கிளப்பிலை வெடிக்காட்டிக் கையைத் தூக்கிக் காட்டிப்போட்டுத் திரும்பச் சுடலாம்,” என்றேன். “றோட்டிலை வெடிக்காட்டி ஆரிட்டைக் கையைத் தூக்குவாய்?”

அவன் தலையை ஆட்டினான். நன்றாக விளங்கித்தான் ஆட்டினான், மடையனில்லை. கொம்பனி றிவோல்வரைத் தொடமாட்டேன், கிளப் றிவோல்வருக்கு மட்டும் போடுகிறேன் என்றான். அதில் எனக்கும் மறுப்பில்லை. ஒரு சின்ன உதவி கேட்டான். பார்சல் வீட்டுக்கு வந்தால் இதற்குமா செலவழிக்கிறீர்கள் என்று நாகலட்சுமி சத்தம் போடுவாளாம். என் பெயருக்கு, என் விலாசத்துக்கு எடுப்பிக்கலாமா? இதென்ன பெரிய காரியம் என்று ஓம் சொன்னேன். பார்சல் வந்தது, தபால்காரனிடம் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக் குசினி மேசையில் கிளப் றிவோல்வரைக் கழற்றி, உரசும் இடங்களை எண்ணெய்க் கல்லால் மினுக்கி, ஸ்பிறிங்குகளையும் போட்டுக் கொடுத்தேன். நாகலட்சுமி வத்தக்குழம்பு வைத்திருந்தாள்.

காவலர்களுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை சுடும் பரீட்சை உண்டு. சித்திரையில் அவன் அதில் தவறியிருந்தான். இரண்டாவது தடவையும் தவறினால் றிவோல்வரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வேறு வேலை தேட வேண்டியதுதான். ஐப்பசி எட்டாம் திகதி சனிக்கிழமை பரீட்சை. கொம்பனி றிவோல்வரோடுதான் சுட வேண்டும், தோட்டா சுடுகளத்தில் தருவார்கள். நூற்றுக்கு எண்பத்தாறு எடுத்தான். நான் சந்தோஷப்பட்டேன். எப்படி எடுத்தான் என்று ஒரு கேள்வி எனக்குள் எழும்பவில்லை பாருங்கள்! தம்பி பாஸ் என்றால் பாஸ்தான்.

அடுத்து வந்த திங்கட்கிழமை. பதினொரு மணிக்கு எனக்கு நகரத்தில் குடிவரவு அலுவலகத்தில் நேர்முகம். விடிய ஆறு மணிக்கே வந்து மேசையில் இருந்தேன். ஒவ்வொன்றாகப் பார்த்து முடிய ஒன்பதரை ஆகிவிட்டது. இன்னும் நான்கு கிடந்தன. சேஷாத்ரி பதினாலாம் இலக்கத்தைக் கொண்டுவந்தான். அவனுக்குக் கொடுபட்டது அது.

“பதினாலை நானே தொடச்சு, எண்ணெய் எடுத்து, கல்லும் தொங்கவிட்டுப் பார்த்துட்டேன்ணா,” என்றான். “கரெக்டா பன்னெண்டு. நீங்க ட்ரெயினைப் பிடிங்க. அண்ணியும் குழந்தையும் வரட்டும்.”

அண்ணியும் குழந்தையும் என்றான். அதிலே நான் விழுந்தேன். இதையே மற்றக் காவலன் கெவின் சொல்லியிருந்தால், கெவின் தங்கமான மனுஷன், அவன் கையிலிருந்து வாங்கி நானே கல்லைக் கொழுவியிருப்பேன். ஒரு வெள்ளைக்காரனும் அதைக் குறையாக நினைக்கமாட்டான், வேலை என்றால் வேலை. ஆனால் நம்முடைய ஆள் ஒருவன் பார்த்துவிட்டேன் என்று சொன்ன பிறகு அவன் கண்முன்னால் திரும்பப் பார்ப்பது எங்கள் ஆட்களுக்கு வராது. வீட்டுக்காரி போட்ட சோற்றை மணந்து பார்த்துவிட்டுச் சாப்பிடுவது மாதிரி. மற்ற மூன்றுக்கும் கல்லைக் கொழுவினேன். பதினாலுக்குப் பேனையை எடுத்தேன்.

வியாழக்கிழமை சேஷாத்ரி விடுமுறை எடுத்திருந்தான். கெவினுடைய றிவோல்வர் என் மேசையில் திருத்தத்தில் கிடந்தது. ஆகவே கெவின் பதினாலை எடுத்துக்கொண்டு போனான். ஐம்பத்தைந்து வயது, மூன்று பேரப்பிள்ளைகள், அவர்களுடைய படங்களை எல்லோருக்கும் காட்டித் திரிவான். ஓபர்னில் ஒரு தொழிற்சாலை வாசலில் சம்பளப் பெட்டியோடு இறங்கும்போது இரண்டு பேர் வழிமறித்தார்கள். ஒருவன் கையில் குழலை வெட்டிக் குறுக்கிய வேட்டைத் துவக்கு. கெவின் றிவோல்வரை இழுத்து விசையை இழுத்தான். டிக். திரும்ப இழுத்தான். டிக். அவர்கள் கெவினுடைய முழங்காலில் சுட்டுவிட்டுப் பெட்டியோடு போய்விட்டார்கள்.

பின்னேரம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரு காலை முழங்காலுக்கு மேலே வெட்டி எடுத்துவிட்டார்கள். கெவின் மயக்கம் பாதி தெளிந்து கிடந்தான். என்னைக் கண்டதும் ஒன்றைத்தான் கேட்டான், இரண்டு தரம் இழுத்தேனே, ஏன் மகேன் வெடிக்கவில்லை என்று. அவன் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அந்தக் கையால்தான் அட்டையில் எழுதினேன். றிவோல்வரைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது, திங்கட்கிழமை வந்தால் போதும், அதுவரை மேசையைத் தொடவேண்டாம் என்று டொனால்ட்சன் சொல்லி அனுப்பினார்.

வெள்ளிக்கிழமை முழுவதும் அறைக்குள் நடந்துகொண்டிருந்தேன். எண்ணெய் ஊறியிருக்குமோ? தோட்டா பழசோ? மத்தியானம்போலத்தான் மண்டையில் உறைத்தது. எண்பத்தாறு! பாதி மடங்கும் விரலால் எண்பத்தாறு! சுடுகளத்தில் கொடுப்பது மெல்லிய பொட்டுத் தோட்டா, மெல்லிய ஸ்பிறிங்குக்கும் வெடிக்கும். அப்படியே கட்டிலில் இருந்துவிட்டேன்.

பின்னேரம் ஐந்து மணிக்குக் கதவு தட்டுப்பட்டது. சேஷாத்ரி. கையில் ரிபன் கரியர். அவனே கதிரையில் இருந்து முகத்தைப் பொத்திக்கொண்டு அழத் தொடங்கினான். பரீட்சைக்காகத்தான் மாற்றினானாம். கிளப் றிவோல்வரிலிருந்து கழற்றி இதில் போட்டானாம். திங்கட்கிழமையே பழையதைத் திருப்பிப் போட நினைத்தானாம், போட்டு எடுக்க நேரம் இருக்கவில்லை, நான் பார்த்துவிடப் போகிறேன் என்ற பயத்தில் கல்லுத் தொங்கவிட்டதாகச் சொல்லிவிட்டானாம். வெள்ளிக்கிழமை மாற்றிவிடலாம் என்று இருந்தானாம். அதற்குள் இப்படி.

கையை ஓங்கிவிட்டேன். சொல்லுகிறேன், அடிக்கத்தான் ஓங்கினேன். ஒரு மனுஷனுடைய கால் போய்விட்டது. அப்போது அவன் அந்தச் சரியாக மடங்காத விரலோடு கையைக் குவித்து முகத்துக்கு முன்னால் பிடித்தான். அடிக்க முடியவில்லை.

“திங்கக்கிழமை காலையில நானே போயி டொனால்ட்சன்கிட்டச் சொல்லிடறேன்ணா,” என்றான். “ரெண்டு நாள் குடுங்க. நாகலட்சுமிகிட்ட முதல்ல சொல்லணும். அவ தாங்கமாட்டா. நீங்க அதுவரைக்கும் யார்கிட்டயும் வாயைத் திறக்காதீங்கோ.”

சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தான். பதினாலாம் இலக்கத்தின் பழைய தகட்டு ஸ்பிறிங். “இது உங்ககிட்டயே இருக்கட்டும். நான் சொன்னதும் நீங்க எடுத்துக் காட்டுங்க. அப்பத்தான் நீங்க மாத்தலைன்னு அவங்க நம்புவாங்க.”

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிழை செய்தாலும் மனுஷன் நேர்மையானவன், என்னைக் காப்பாற்றச் சாட்சியைக் கொண்டுவந்து தருகிறானே என்று நினைத்தேன். இரண்டு நாள் கொடுத்தேன். தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன். அவன் போன பிறகு கரியரைத் திறந்து புளியோதரையைச் சாப்பிட்டேன். முழுவதையும் சாப்பிட்டேன்.

நெஞ்சிலிருந்த பாரம் பாதி இறங்கியது. கெவினுடைய கால் இறங்காது, அது என் கையெழுத்தின் பாவம், அதைச் சுமக்கத்தான் வேண்டும். கல்லுக் கொழுவாததற்கு எச்சரிக்கை தருவார்கள், சம்பளத்தில் வெட்டுவார்கள், ஏற்றுக்கொள்ளலாம். வேலை நிலைக்கும். வேலை நிலைத்தால் கடிதம் வரும். டொனால்ட்சன் போன கிழமையே ரைப் பண்ணச் சொல்லிவிட்டதாகச் சொன்னவர். சனிக்கிழமை விடிய சிவனேஸ்வரிக்கு வான்கடிதம் எழுதினேன். திங்கட்கிழமை கடிதம் கையில் கிடைக்கும், நீ பார்த்துக்கொண்டிராதே, பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்புக்குப் போய் அவளுடைய பள்ளிக்கூடச் சான்றிதழையும் எடுத்து இரண்டு பேரும் மருத்துவப் பரிசோதனையையும் முடித்துவிடு என்று எழுதினேன். கொழும்பு என்று எழுதும்போது கை தயங்கியது. ஆனாலும் ஸ்ரேசனுக்குப் பக்கத்துத் தபால் பெட்டியில் போட்டேன்.

திங்கட்கிழமை கரியரைக் கழுவித் துடைத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனேன். ஸ்பிறிங் சட்டைப் பையில். வாசலில் சேஷாத்ரியைக் காணவில்லை. உள்ளே போய்ச் சொல்லி முடித்திருப்பான் என்று நினைத்தேன். டொனால்ட்சனின் அறையில் ஒரு பொலிஸ் சாஜனும் இருந்தார். மேசையில் என் அட்டை, இன்னும் சில கடதாசிகள். ஒரு ஓரத்தில் கொம்பனித் தலைப்புப் போட்ட ரைப் அடித்த கடிதம், அதில் என் பெயரும் சிவனேஸ்வரியின் பெயரும் தலைகீழாகத் தெரிந்தன.

கையெழுத்து என்னுடையதா என்று சாஜன் கேட்டார். ஓம் என்றேன். றிவோல்வருக்குள் கொம்பனி ஸ்பிறிங் இல்லையே, தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றேன். அவர்கள் கேட்கும்வரைக்கும் இருந்தேனா? இல்லை. நானே சட்டைப் பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து, அவிழ்த்து, அந்த ஸ்பிறிங்கை மேசையில் வைத்தேன். பதினாலின் அசல் ஸ்பிறிங் இதுதான் என்றேன். கொஞ்சம் பெருமையோடு வைத்தேன் என்றே சொல்லலாம்.

டொனால்ட்சன் சாஜனைப் பார்த்தார். சாஜன் ஸ்பிறிங்கைப் பார்த்தார். பிறகு டொனால்ட்சன் ஒரு கடதாசியை என் பக்கம் திருப்பித் தள்ளினார்.

சேஷாத்ரியின் வாக்குமூலம். நல்ல சுத்தமான ஆங்கிலம், எஞ்சினியர் அல்லவா! விசையை இலகுவாக்கும் சாமான் அமெரிக்காவிலிருந்து மகேந்திரராஜாவின் பெயருக்கு வந்தது, தபாலில் விசாரிக்கலாம். என் சொந்த றிவோல்வரை அவர் என் வீட்டில் வைத்து மாற்றினார், என் மனைவி கண்டிருக்கிறார். கொம்பனி றிவோல்வரையும் மாற்றித் தருவதாகப் பலமுறை சொன்னார், நான் வேண்டாம் என்றேன். எனக்குத் தெரியாமல் மாற்றியிருக்கிறார். கழற்றிய சாமான் எதையும் அவர் எறியமாட்டார், ஆகவே அசல் ஸ்பிறிங் இப்போதும் அவரிடந்தான் இருக்கும்.

கீழே கையெழுத்து. அதற்குக் கீழே திகதியும் நேரமும். பதினாலாம் திகதி வெள்ளிக்கிழமை, காலை பத்தேகால்.

திரும்ப வாசித்தேன். காலை பத்தேகால். பின்னேரம் ஐந்து மணிக்கு என் அறைக்கு வந்து அழுதானே, நாகலட்சுமிக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இரண்டு நாள் கேட்டானே, அதற்கு ஏழு மணித்தியாலம் முந்தி இந்தக் கடதாசியில் கையெழுத்து வைத்துவிட்டான். ஸ்பிறிங் என்னிடம் இருக்கும் என்று முதலில் எழுதிக் கொடுத்தான். அதற்குப் பிறகுதான் கொண்டுவந்து தந்தான்.

அவன் வந்தது, அழுதது, ஸ்பிறிங்கைத் தந்தது எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கே அது ஒரு கள்ளனின் கதை மாதிரிக் கேட்டது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமையே ஏன் வந்து சொல்லவில்லை என்று சாஜன் கேட்டார். அவன் கேட்டுக்கொண்டான் என்றேன். அதற்கு அவர் ஒன்றும் எழுதவில்லை. பொலிஸ் விசாரணை நடக்கும், அதுவரை ஊரை விட்டுப் போகக்கூடாது என்றார். டொனால்ட்சன் எனக்கு வேலை இல்லை என்றார், ஆயுத அலமாரித் திறப்புகளை மேசையில் வைக்கச் சொன்னார். பிறகு மேசை ஓரத்திலிருந்த அந்தக் கடிதத்தை எடுத்து, கிழிக்கக்கூட இல்லை, நான்காக மடித்து மேசை லாச்சிக்குள் போட்டார்.

வெளியே வந்தேன். வான்கள் நிற்கும் முற்றத்தில் சேஷாத்ரி நின்றான். ஓடிப்போயிருக்கலாம், நின்றான்.

“என்னண்ணா சொன்னாங்க?” என்று கேட்டான். அதையும் கேட்டான்!

நான் பைக்குள்ளிருந்து கரியரை எடுத்தேன்.

“கையெழுத்து வைச்ச மை காய முதல் எனக்குச் சோறு கொண்டு வந்திருக்கிறாய், என்ன?” என்றேன்.

அவன் முகம் வெளிறிப் போனது. “எனக்கும் குடும்பம் இருக்குண்ணா,” என்றான். நாகலட்சுமி மூன்று மாதமாம். இந்த வேலையும் போனால் திரும்பவும் அந்தத் தகட்டு இயந்திரத்தில்தான் போய் நிற்க வேண்டுமாம், உங்களுக்கென்றால் கைத்தொழில் இருக்கிறது என்றான். எல்லாவற்றையும் கணக்குப் பார்த்துத்தான் வைத்திருந்தான். எட்டு இறாத்தலா பன்னிரண்டு இறாத்தலா என்று விசையை நிறுத்த மாதிரி என்னையும் நிறுத்திருக்கிறான். நான் இலேசாக வந்துவிட்டேன்.

அடித்திருக்க வேண்டும் என்று இன்றைக்கும் சில நாள் நினைப்பேன். அடிக்கவில்லை. கரியரை அவன் கையில் வைத்தேன். “நாகலட்சுமிக்குச் சொல்லு, அவளின்ரை சமையலிலை ஒரு குறையும் இல்லையெண்டு.”

லிட்கம் தபால் கந்தோர் ஐந்து நிமிஷ நடை. வான்கடிதம் போட்டு இரண்டு நாள், இனி அதை ஒருவராலும் மறிக்க முடியாது. அது கிடைத்த மறுநாளே சிவனேஸ்வரி பிள்ளையைக் கூட்டிக்கொண்டு கொழும்பு ரெயினில் ஏறுவாள். நான் சொன்னால் செய்கிறவள். எந்த ஊரிலிருந்து உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாளோ அந்த ஊருக்கு, என் சொல்லை நம்பித் திரும்பப் போவாள். வராத கடிதத்துக்காகப் போவாள்.

தந்திப் படிவத்தை எடுத்து எழுதினேன். கொழும்புக்குப் போகவேண்டாம். கடிதம் கிடைக்கவில்லை. பிறகு எழுதுகிறேன். கந்தோரில் இருந்த பெண் சொற்களை எண்ணினாள். இதே காசுக்கு இன்னும் இரண்டு மூன்று சொல் போடலாம் என்றாள், நல்ல பிள்ளை. ஏன் கிடைக்கவில்லை என்று போடலாம் என்று பேனையைத் திரும்ப வாங்கினேன்.

சட்டைப் பையில் சிவனேஸ்வரியின் கடைசிக் கடிதம் இருந்தது. அதன் கடைசி வரி எனக்கு மனப்பாடம். 'அங்கே உங்களுக்கு ஒரு தம்பி இருக்கிறார் என்ற தைரியத்தில்தான் நாங்கள் இங்கே நித்திரை கொள்ளுகிறோம், அவரை விட்டுவிடாதேங்கோ.'

பேனையைத் திருப்பிக் கொடுத்தேன். இவ்வளவும் போதும், அனுப்புங்கள் என்றேன்.